செவிவழிச் செய்தியும் சுருக்கத் தீர்ப்பும்

கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது தமிழ் வழங்கும் ஊர்களிலெல்லாம் வழங்கும் பழமொழி. சட்டம் பயின்றோர் இதன் நடுப்பகுதியைப் பெரிதும் விரும்புவர். காதாற் கேட்டது சான்றாகாது என்பதே அவர்கள் முதலிற் கற்கும் பாடங்களுள் ஒன்று. ஆயின் பழமொழியின் உயிர் அதன் இறுதிப் பகுதியிலேயே உள்ளது. தீர விசாரிக்கவேண்டும் என்பதற்காகவே கண்ணையும் காதையும் நம்பாதே என்று முன்னோர் எச்சரித்தனர். விசாரணையை விட்டுவிட்டு எச்சரிக்கையை மாத்திரம் கைக்கொள்வது, நெல்லைக் கொட்டிவிட்டு உமியைக் கட்டிவைப்பதற்கு ஒப்பானது.

அவதூறு வழக்குகளைச் சாட்சி விசாரணை நடத்தாது, இரு தரப்பினரும் தாக்கல் செய்யும் சத்தியக்கடதாசிகளைக் கொண்டே சுருக்கமாக முடித்துவிடலாம் என்னும் கருத்து இன்று பல நாடுகளிலும் செல்வாக்குப் பெற்றுள்ளது. நீதிமன்றங்களிலே வழக்குகள் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடக்கும்போது விரைவு வேண்டப்படுவது இயல்பே. எனினும், ஒருவன் சொல்லை நம்புவதா விடுவதா என்பதே வழக்கின் கருவாக அமையும் இடத்தில், அவனை நேரிற் கேளாது தீர்ப்பளிப்பது விரைவு அன்று. அது விசாரணையைக் கைவிடுதலாகும். இதனை உணர்ந்துகொள்ளச் சுன்னாகத்துக் கிணறுகளைக் காட்டிலும் சிறந்த எடுத்துக்காட்டு இலங்கையிற் கிடைப்பது அரிது.

கிணற்றடிப் பேச்சு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கும் மழைநீரே குடிநீராகவும் தோட்டத்துக்குரிய நீராகவும் பயன்படுகின்றது. அப்பாறை நீரைத் தடுத்து நிறுத்துவதன்று. ஒரு கிணற்றில் விழுந்த அழுக்கு அயற்கிணற்றுக்கும் செல்லும். ஆகவே அங்கு ஒரு வீட்டுக் கிணற்றின் கதை அவ்வீட்டின் கதையாக மாத்திரம் இருப்பதில்லை.

சுன்னாகத்திலே நீண்ட காலமாக மின் உற்பத்தி நிலையங்கள் இயங்கிவந்தன. உள்நாட்டுப் போரின் இறுதிக் காலத்தையொட்டி நொதேர்ன் பவர் என்னும் தனியார் நிறுவனத்தின் அனல் மின்நிலையமும் அங்கு அமைந்தது. பின்னர் அயற்கிணறுகளில் எண்ணெய் மிதக்கின்றது, நீரில் மணம் வருகின்றது என்னும் பேச்சு எழுந்தது. 2014ஆம், 2015ஆம் ஆண்டுகளில் அப்பேச்சு குடாநாடு முழுவதும் பரவிற்று. மக்கள் வீதிக்கு இறங்கினர். மல்லாகம் நீதவான் நீதிமன்றத்திலும் வழக்கு எழுந்தது.

இப்பேச்சின் தொடக்கத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தன் வாளியில் எண்ணெயைக் கண்டவள் ஒருத்தி. அவள் சொல்லக் கேட்டவர்கள் பத்துப் பேர். அப்பத்துப் பேரும் சொல்லக் கேட்டவர்கள் நூறு பேர். சந்தையிலும் கோயில் வீதியிலும் பேசியவர்களுள் மிகப் பெரும்பாலோர் தாம் காணாததையே பேசினர். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதையோ எவரும் கண்ணாற் கண்டிலர். அது நிலத்தின் அடியில் நிகழ்ந்தது. சட்டத்தின் கடுமையான அளவுகோலால் அளந்தால் அவ்வூர்ப் பேச்சின் பெரும்பகுதி செவிவழிச் செய்தியும் ஊகமுமேயாம்.

அறிஞர்தாமும் அன்று ஒருமுகமாகப் பேசினாரல்லர். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் சோதனைகள் கிணறுகளில் எண்ணெய் உண்டென்று காட்டின. வட மாகாண சபை நியமித்த நிபுணர் குழுவோ அச்சத்தைத் தணிக்கும் முடிவுகளை வெளியிட்டது. சுற்றாடல் அமைப்பொன்றின் தலைவரான ரவீந்திர குணவர்த்தன காரியவசம் 2015ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவொன்றைத் தாக்கல் செய்தார். 2019ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 4ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நீரும் நிலமும் மாசடைந்ததற்கு அந்நிறுவனம் பொறுப்பாளி எனக் கண்ட நீதிமன்றம், 2 கோடி ரூபாவை நட்டஈடாகச் செலுத்தப் பணித்தது. பாதிக்கப்பட்ட குடியிருப்பாளர்களுள் 500 பேர் வரையிலானோருக்கு, ஆளுக்கு 40,000 ரூபாவுக்கு மேற்படாமல் அது பகிரப்படவேண்டும் என்றும் கூறிற்று. மாசுபடுத்தியவனே செலவைச் சுமக்கவேண்டும் என்னும் கோட்பாடு அத்தீர்ப்பில் உறுதிபெற்றது.

ஊர்ப் பேச்சு தொடங்கிய நாளுக்கும் இத்தீர்ப்பு வந்த நாளுக்கும் இடையே பல ஆண்டுகள் கிடந்தன. அவ்விடைக்காலத்தில் அப்பேச்சைப் பேசிய ஒருவன்மீது அவதூறு வழக்குத் தொடரப்பட்டு, அவ்வழக்கு ஆவணங்களைக் கொண்டே சுருக்கமாகத் தீர்க்கப்பட்டிருக்குமாயின் அவன் கதி யாதாகியிருக்கும்? கேட்டதைச் சொன்னான், நேரிற் கண்டிலன், நிபுணர் குழுவின் அறிக்கை எதிர்த்தரப்பின் கையில் இருந்திருக்கும். ஒருநாட் பொழுதில் அவன் பொய்யனாகியிருப்பான். 2019ஆம் ஆண்டின் தீர்ப்பு அவனுக்கு எப்பயனும் தந்திராது.

விதியும் அதன் எல்லையும்

இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத்தது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தைப் பின்பற்றி எழுந்தது. அதன் 60ஆம் பிரிவு வாய்மொழிச் சான்று நேரடியானதாக இருத்தல் வேண்டும் என்கின்றது. கண்டதைக் கண்டவனும் கேட்டதைக் கேட்டவனுமே சொல்லவேண்டும். இவ்விதியை எவரும் பழித்தல் ஆகாது. சத்தியம் செய்யாத, குறுக்கு விசாரணைக்கு முன்வராத ஒருவனுடைய வாயை இன்னொருவன் வாடகைக்கு எடுத்துப் பேசுவதை அது தடுக்கின்றது.

ஆயின் அவ்விதி தடுப்பது யாது என்பதைப் பலர் மயங்கி உணர்கின்றனர். மலாயாவில் அவசரகாலச் சட்டத்தின்கீழ்த் தோட்டாக்கள் வைத்திருந்தமைக்காக மரணதண்டனை விதிக்கப்பட்ட சுப்பிரமணியம் என்பவரின் மேன்முறையீடு 1956ஆம் ஆண்டில் கோமறைக் கழகத்தின் முன் வந்தது. ஆயுதக் குழுவினர் தம்மை மிரட்டியதனாலேயே அவ்வாறு செய்ததாக அவர் கூறினார். மிரட்டியோர் சொன்னவை செவிவழிச் சான்று எனக் கூறி விசாரணை நீதிபதி அவற்றைக் கேளாது விட்டார். கோமறைக் கழகத்தின் தீர்ப்பை வழங்கியவர் இலங்கைச் சட்ட அறிஞர் எல். எம். டி. த சில்வா. பிறர் சொன்னது உண்மை என்று நிறுவ முற்பட்டாலே அது செவிவழிச் சான்றாகும். பிறர் அவ்வாறு சொன்னார் என்பதை மாத்திரம் நிறுவ முற்பட்டால் அது ஏற்கத்தக்கது என்னும் வேறுபாட்டை அத்தீர்ப்பு தெளிவாக்கிற்று. சுப்பிரமணியத்தின் உயிர் அவ்வேறுபாட்டாற் பிழைத்தது.

அவதூறு வழக்குகளில் இவ்வேறுபாடே உயிர்நாடி. கிணற்றில் எண்ணெய் உண்டு என்று பேசியவன் பகைமையால் பேசினானா, அன்றி ஊரார் பலர் சொல்லக் கேட்டு நம்பிப் பேசினானா என்பது வழக்கின் வினாவாயின், ஊரார் அவனிடம் சொன்னவை அவனது மனநிலையைக் காட்டும் நேரடிச் சான்றாகின்றன. அவற்றைச் செவிவழிச் செய்தி எனத் தள்ளுவது 1956ஆம் ஆண்டிலே திருத்தப்பட்ட பிழையை மீண்டும் செய்வதாகும். சுருக்க விசாரணையில் இந்நுட்பத்துக்கு இடமில்லை. சத்தியக்கடதாசியில் ‘எனக்குச் சொல்லப்பட்டது’ என்னும் தொடரைக் கண்டவுடனே சிவப்பு மையாற் கோடிழுத்துவிட்டு அடுத்த பந்திக்குச் செல்வது எளிது.

நற்பெயரின் இயல்பு

இன்னொரு முரண்பாடும் மனங்கொள்ளத்தக்கது. அவதூறு வழக்கிற் காக்கப்படும் பொருள் நற்பெயர். நற்பெயர் என்பது யாது? ஒருவனைப் பற்றி ஊரார் தமக்குள் பேசிக்கொள்வதன் தொகுப்பன்றி வேறில்லை. அதாவது நற்பெயர் முழுவதும் செவிவழிச் செய்தியாலே ஆக்கப்பட்டது. சட்டமும் இதனை அறியும். நட்டஈட்டின் அளவைப் பாதிக்கும்போது ஒருவனது பொதுப்பெயர் பற்றிச் சான்று கூறச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 55ஆம் பிரிவு இடந்தருகின்றது. ஊரார் நல்லவன் என்றனர் என்பதைக் கேட்கும் நீதிமன்றம், ஊரார் கிணறு கெட்டது என்றனர் என்பதைக் கேட்க மறுப்பது நியாயமாகாது.

யாழ்ப்பாணத்தார் இதில் வியப்படைய ஒன்றுமில்லை. அவர்களின் வழமைச் சட்டமாகிய தேசவழமையே ஊர் வழக்குகளைக் கேட்டறிந்து 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்டு, 12 முதலிமாரின் பார்வைக்கு வைத்து உறுதிப்படுத்தப்பட்டது. கேட்டறிந்ததே பின்னர் சட்டமாயிற்று. அங்கும் கேட்டதோடு நில்லாது, அறிந்தோரிடம் காட்டிச் சரிபார்த்தனர் என்பதே சிறப்பு.

வாயடைக்கும் தடையுத்தரவு

இலங்கையில் அவதூறு வழக்குச் சுருக்கமாகத் தீர்க்கப்படுவதில்லையே, பின்னர் இவ்வச்சம் எதற்கு என்று வினவுவோர் உளர். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் சுருக்க நடவடிக்கை காசோலை, உறுதிப்பத்திரம் போன்ற பணக் கோரிக்கைகளுக்கே உரியது என்பது உண்மை. ஆயின் வாசலால் வராதது கோடியால் வரும். வழக்குத் தொடர்ந்தவுடன், எதிராளிக்கு அறிவிக்காமலே, 14 நாட்களுக்கு அவன் வாயை அடைக்கும் ஆணையைப் பெற அதே சட்டக்கோவையின் 664ஆம் பிரிவு இடந்தருகின்றது. அதற்கு வேண்டியது சத்தியக்கடதாசி ஒன்று. அச்சத்தியக்கடதாசிக்குரிய விதியை 181ஆம் பிரிவிற் காணலாம். தானே அறிந்ததை மாத்திரம் கூறவேண்டும் என்று பொதுவிதி வகுத்த அப்பிரிவு, இடைக்கால விண்ணப்பங்களில் மட்டும் தக்க காரணம் காட்டித் தன் நம்பிக்கையைக் கூறலாம் என விலக்களிக்கின்றது.

இதன் விளைவு யாது? பேசியவனைத் தடுக்க வருகின்ற வழக்காளி தன் நம்பிக்கையைச் சான்றாக்கலாம். பேசியவனோ பின்னர் வழக்கில் தன் பேச்சை நிலைநாட்ட வரும்போது நேரிற் கண்ட சாட்சியைக் கொண்டுவர வேண்டும். அதுமட்டுமன்று. இந்நாட்டு அவதூறுச் சட்டம் உரோமன் ஒல்லாந்த சட்டத்தின் வழியது. அவதூறான சொல் வெளியிடப்பட்டமை நிறுவப்பட்டதும் தீய எண்ணம் ஊகிக்கப்படும். அவ்வூகத்தை அகற்றும் பாரம் பேசியவன் தலையில் விழும். சொன்னது உண்மை என்று காட்டினாலும் போதாது, அது பொதுநன்மைக்காகச் சொல்லப்பட்டது என்றும் காட்டவேண்டும். ஒருவன் தோளில் இரு மூட்டைகளை ஏற்றிவிட்டுக் கையிலிருந்த ஊன்றுகோலையும் பறிப்பது போன்றதே இது.

பொதுநன்மை என்னும் வாயில் அடைபட்டதன்று. இலஞ்ச விசாரணை ஆணையாளரின் அறிக்கையிற் சில பகுதிகளை வெளியிட்டமைக்காகச் சிலோன் டெய்லி நியூஸ் பத்திரிகைக்கு எதிராக மருத்துவர் ஒருவர் தொடுத்த வழக்கு 1948ஆம் ஆண்டில் கோமறைக் கழகத்திலே தோல்வியுற்றது. மக்கள் அறியவேண்டியதை மக்களுக்கு அறிவித்தோரை உரோமன் ஒல்லாந்த சட்டம் கைவிடாது என்பது அதனால் உறுதியாயிற்று. ஆயின் அவ்வழக்கிற் பத்திரிகையின் கையில் அரசு அச்சிட்ட அறிக்கை இருந்தது. கிணற்றடியில் நிற்பவளிடம் அச்சிட்ட அறிக்கை ஏது?

குற்றவியல் அவதூறு இலங்கையில் 2002ஆம் ஆண்டிலே நீக்கப்பட்டமை போற்றத்தக்கது. ஆயின் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வேறொரு குறுக்குவழியைத் திறந்தது. இணையவழி வெளியான கூற்றொன்று பொய்யானது எனக் கருதுவோர் மனுவும் சத்தியக்கடதாசியும் கொண்டு நீதவானிடம் சென்று அதன் பரவலைத் தடுக்கும் ஆணையைக் கோரலாம் என்று அச்சட்டம் இயற்றப்பட்டது. எது மெய், எது பொய் என்னும் பெருவினா மீண்டும் தாளிலே தங்கிவிட்டது.

தாளில் தெரியாதது

சத்தியக்கடதாசியை எழுதுபவர் பெரும்பாலும் சட்டத்தரணியே. ஆகவே தோட்டக்காரனின் கடதாசியும் பணிப்பாளரின் கடதாசியும் ஒரே நடையில் அமையும். தாள் திக்குவதில்லை, தாளுக்கு வேர்ப்பதில்லை. முகக்குறி கொண்டு பொய்யைக் கண்டுபிடித்தல் எளிதன்று என்பது உண்மையே. அச்சமுற்ற நேர்மையாளன் தடுமாறுவான். பழகிய பொய்யன் புன்னகைப்பான். ஆயின் குறுக்கு விசாரணையின் பயன் முகத்தைப் பார்ப்பதில் இல்லை. யார் சொன்னார், எப்போது சொன்னார், நீ எங்கு நின்றாய், அவருக்கும் உனக்கும் பகை உண்டா, சென்ற மாதம் வேறுவிதமாகச் சொன்னாயா என்று வினவுவதில் உள்ளது. சாட்சியின் நம்பகத்தன்மையைத் தாக்கும் வழிகளை 155ஆம் பிரிவு வகுத்துத் தந்திருக்கின்றது. அவ்வழிகளுள் எதனையும் தாளின்மீது கையாளுதல் இயலாது.

சிலப்பதிகாரம் அறிந்தோருக்கு இது புதிதன்று. பொற்கொல்லன் ஒருவன் சொல்லைக் கேட்டான் பாண்டியன், குற்றஞ்சாட்டப்பட்டவனைக் கேட்டிலன். குற்றஞ்சாட்டியவனுக்கு அவ்வழக்கில் தன்னலம் உண்டா என்றும் வினவிலன். சான்று சிலம்பின் உள்ளேயே இருந்தது. அதனை உடைத்துப் பார்க்க வழக்கு முடிந்த பின்னர் ஒருத்தி வரவேண்டியிருந்தது. பாண்டியன் கொடியவன் அல்லன். அவன் அவசரப்பட்டான், அவ்வளவே. அவ்வவசரத்துக்கு ஒரு நகரமே விலை கொடுத்தது.

அமெரிக்காவிலே இவ்வினா நேராகவே எழுந்தது. அண்டர்சன் எதிர் லிபர்ட்டி லொபி என்னும் அவதூறு வழக்கில் 1986ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டுரையாளர் நம்பத்தகாத மூலங்களை நம்பி எழுதினார் என்பதே முறைப்பாடு. சுருக்கத் தீர்ப்பைக் கோரும் நிலையிலும் வழக்காளி இறுதியில் எட்டவேண்டிய உயர்ந்த சான்றளவையே நீதிபதி மனங்கொள்ளவேண்டும் என்று பெரும்பான்மையோர் கூறினர். அத்துடன், யாரை நம்புவது என்பதைத் தீர்மானித்தலும் சான்றுகளை நிறுத்துப் பார்த்தலும் சுருக்கத் தீர்ப்பு வழங்கும் நீதிபதியின் வேலையல்ல என்றும் வற்புறுத்தினர். இவ்விரண்டும் ஒன்றோடொன்று இயையுமா என்று மாறுபட்ட நீதியரசர் பிரெனன் வினவினார். அவ்வினா கூர்மையானது. சான்றின் அளவை அளப்பவன் அதனை நிறுக்காமல் எங்ஙனம் அளப்பான்? பத்திரிகைகளைக் காக்க எழுந்த முறையாயினும், நிறுத்துப் பார்க்கும் வேலையைப் பின்வாசலால் நீதிபதியின் மேசைக்குக் கொண்டுவரும் ஆபத்து அதில் உண்டு.

மறுப்பும் மறுபக்கமும்

சுன்னாகத்து வழக்கே சத்தியக்கடதாசிகளைக் கொண்டு தீர்க்கப்பட்டதன்றோ என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு வலிமையானதே. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்கீழ் வரும் மனுக்கள் வாய்மொழிச் சாட்சியமின்றி ஆவணங்களாலேயே தீர்க்கப்படுவது வழக்கம். ஆயின் அங்கு தீர்க்கப்பட்டது எது? நீரில் எண்ணெய் உண்டா, அதற்கு யார் பொறுப்பு, அதிகாரசபைகள் கடமையைச் செய்தனவா என்பன. நீரைப் போத்தலில் எடுத்து ஆய்வுகூடத்தில் அளக்கலாம். அளந்ததைத் தாளில் எழுதலாம். இரு அறிக்கைகள் முரண்பட்டால் அவற்றின் முறைகளை ஒப்பிடலாம். ஒருவன் உள்ளத்தில் நேர்மை இருந்ததா, வஞ்சம் இருந்ததா என்பதை அளக்கும் போத்தல் எங்குமில்லை. அளக்கத்தக்க பொருளைத் தாள் தாங்கும்; மனிதனின் வாய்மையைத் தாள் தாங்காது.

இன்னொரு மறுப்பு இதனினும் ஆழமானது. வதந்திக்கு இத்துணை இடங்கொடுத்தால் நேர்மையானவன் வாழ்வது எங்ஙனம்? இவ்வினாவை யாழ்ப்பாணத்தில் எவரும் எளிதிற் புறந்தள்ளலாகாது. மொட்டைக் கடிதத்தாற் கெட்ட குடும்பங்கள் அங்கு உண்டு. அதனினும் கொடியவற்றையும் அம்மண் கண்டது. முகம் மூடிய தலையாட்டியின் ஒரு தலையசைப்புக்கு வரிசையில் நின்ற இளைஞர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். யாரோ சொன்னதைக் கேட்டுத் துரோகி என்று தீர்ப்பெழுதப்பட்டு மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டவர்களும் உளர். சீருடை அணிந்தோரும் இதனைச் செய்தனர். விடுதலை பேசியோரும் இதனைச் செய்தனர். செவிவழிச் செய்தியைக் கொண்டு சுருக்கத் தீர்ப்பு வழங்குவது என்றால் என்ன என்பதை அம்மக்களுக்கு எந்தச் சட்டநூலும் கற்பிக்கவேண்டியதில்லை.

ஆயின் அவ்வனுபவம் கற்பிப்பது யாது? பேச்சை அடக்கவேண்டும் என்பதையன்று. பேச்சு எழுந்தபோது விசாரணை இல்லாமற் போனதே அங்கு நிகழ்ந்த கொடுமை. தலையாட்டியின் முகமூடியை நீக்கி ‘நீ எதனைக் கண்டாய், யார் சொல்லக் கேட்டாய்’ என்று வினவ எவருக்கும் உரிமை இருக்கவில்லை. செவிவழிச் செய்தியை விசாரியாது ஏற்பதும் விசாரியாது தள்ளுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். முன்னது குற்றமற்றவனைக் கொன்றது. பின்னது கெட்ட நீரைக் குடிக்கச் செய்யும். செவிவழிச் செய்தி விசாரணைக்குத் தொடக்கமாகலாம். அதற்கு முடிவாதல் ஒருபோதும் ஆகாது.

செய்யவேண்டியவை அரியன அல்ல. பேசப்பட்ட சொல் அவதூறான பொருள் உடையதா, அது காப்புரிமை பெற்ற சந்தர்ப்பத்திற் சொல்லப்பட்டதா என்பன போன்ற சட்ட வினாக்களைத் தொடக்கத்திலேயே சுருக்கமாகத் தீர்க்கட்டும். பணம் படைத்தோர் ஏழையை அலைக்கழிக்கத் தொடுக்கும் வெற்று வழக்குகள் அவ்வாயிலிலேயே வீழட்டும். யாரை நம்புவது என்னும் வினா எழுந்தவிடத்துச் சத்தியம் செய்தவர் சாட்சிக் கூண்டில் ஏறியே ஆகவேண்டும் என விதி செய்யப்படட்டும். குடிநீர், உணவு, மருந்து போன்ற பொதுப்பொருள் பற்றிய பேச்சை மறுதரப்பைக் கேளாது ஒரு நாளேனும் தடுத்தல் ஆகாது. நல்லெண்ணத்தோடும் தக்க காரணத்தோடும் பேசியவனைக் காக்கும் எதிர்வாதம் சட்டத்தில் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்படட்டும். அவன் எதனைக் கேட்டான் என்பதை நீதிமன்றம் கேட்கட்டும்.

நற்பெயர் விலைமதிப்பற்றது, அதனைக் காப்பது நீதிமன்றத்தின் கடன். ஆயின் விசாரணையின்றிக் காக்கப்பட்ட நற்பெயர் ஐயத்தோடே வாழும். தீர விசாரித்துக் காக்கப்பட்ட பெயரே பெயராகும். சுன்னாகத்தில் எண்ணெய் மிதந்த கிணற்றைக் கண்டு அயலாரிடம் சொன்னவளுக்கும், தன்மீது பழி வந்தது எனக் கூறும் நிறுவனத்துக்கும் நீதிமன்றம் தரவேண்டியது ஒன்றே: இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் கேட்கும் பொறுமை. அப்பொறுமையைச் செலவெனக் கருதும் நாடு, பின்னர் அதனினும் பன்மடங்கு பெரிய செலவைச் சுமக்க நேரிடும்.